திருப்தி என்று எழுதிவிட்டால் வருத்தம் மாறிவிடுமா?

கொரோனாக் காலத்தில் தொலைபேசியிலும் வீடியோவிலும் டொக்டரோடு கதைத்த நோயாளர்களைப் பற்றி உலகம் முழுக்க ஆய்வுக் கட்டுரைகள் வந்து குவிந்தன. பெரும்பாலானவற்றின் முடிவு ஒரே மாதிரித்தான் இருக்கும். நோயாளர்களில் பெரும்பான்மையினர் திருப்தி, திரும்பவும் பாவிப்பார்கள், மற்றவர்களுக்கும் சொல்வார்கள். ஆகவே தொலைமருத்துவம் வெற்றி. ஆகவே இதை நிரந்தரமாக்கலாம்.

இந்த இரண்டு "ஆகவே"க்களோடும்தான் எங்களுக்குப் பிரச்சினை. நோயாளர்கள் பொய் சொன்னார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர்கள் உண்மையாகவே திருப்தியாக இருந்திருப்பார்கள். ஆனால் எதற்காகத் திருப்தி, யாருடைய திருப்தி, அந்தத் திருப்தியை வைத்து யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்காமல், ஒரு வீதக் கணக்கை மட்டும் தூக்கிக்கொண்டு திரிவது எங்கள் மாதிரி இடங்களில் இருக்கிற ஆக்களுக்கு ஆபத்தானது. டிஜிட்டல் சுகாதாரம் என்ற பேச்சு எல்லா மேடைகளிலும் கேட்கிற காலம் இது. அதனால் இதைக் கொஞ்சம் உரத்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

எதோடு ஒப்பிட்டுத் திருப்தி?

2020 மார்ச் 20 அன்று பின்னேரம் நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். யாழ்ப்பாணம், கொழும்பு, கம்பஹா, களுத்துறை, கண்டி, புத்தளம் எல்லாம் அபாயம் கூடிய மாவட்டங்கள் என்று சொல்லி இறுக்கிப் பூட்டப்பட்டன. மாதா மாதம் கிளினிக் போய் பிரசர் குளிசையும் சீனி வருத்தக் குளிசையும் எடுத்துக்கொண்டிருந்த ஆக்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பஸ் இல்லை. ஓட்டோ இல்லை. றோட்டில் இறங்கினால் பொலிஸ். ஆஸ்பத்திரிக்குப் போனாலோ வருத்தம் தொற்றிவிடும் என்ற பயம்.

அந்த நேரத்தில் ஒரு இலக்கத்துக்கு அழைத்தால் யாரோ ஒருவர் எடுத்து, "என்ன செய்யுது அம்மா?" என்று கேட்டார் என்றால் அந்த அம்மா திருப்திப்படாமல் என்ன செய்வா? மறுபக்கத்தில் இருந்தது ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில் ஏதோ ஒன்று கிடைத்தால் அதற்குப் பெயர் நிம்மதி. நிம்மதிக்குக் கிடைத்த புள்ளியை எடுத்து, "தொலைமருத்துவத்தின் தரம்" என்ற தலைப்பின் கீழ் போடுவது கணக்கு வழக்கில் செய்யக்கூடாத வேலை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2020 ஏப்ரலில் சுகாதார அமைச்சும் தபால் திணைக்களமும் சேர்ந்து கிளினிக் நோயாளர்களின் மருந்துகளை வீடுகளுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கிளினிக் பெயர்ப்பட்டியல், ஒரு தொலைபேசி அழைப்பு, மருந்துப் பொதி, சைக்கிளில் வரும் தபால்காரர். அந்தக் காலத்தில் சாதாரண சனத்துக்குக் கிடைத்த பெரிய "தொலைமருத்துவம்" இதுதான். இதில் எந்தச் செயலியும் இல்லை, வீடியோவும் இல்லை. ஊரின் ஒவ்வொரு ஒழுங்கையும் தெரிந்த ஒரு அரச ஊழியர் இருந்தார். குளிசை கைக்கு வந்தபோதுதான் சனம் திருப்திப்பட்டது. ஆனால் பின்னாளில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் தபால்காரரை விட்டுவிட்டுச் செயலியை மட்டும் படம் பிடிக்கிறார்கள். ஏனென்றால் தபால்காரரை முதலீட்டாளருக்கு விற்க முடியாது.

யாரைக் கேட்டீர்கள்?

திருப்திக் கணக்கெடுப்பு பெரும்பாலும் எப்படி நடக்கும் என்று பாருங்கள். அழைப்பு முடிந்ததும் திரையில் ஐந்து நட்சத்திரம் வரும். அல்லது ஒரு இணைப்பு குறுஞ்செய்தியில் வரும். அல்லது யாரோ அழைத்து "மிகவும் திருப்தி, திருப்தி, பரவாயில்லை, திருப்தியில்லை" என்று வாசிப்பார்கள். இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அழைப்பு இணைந்திருக்க வேண்டும்.

இணையாத அழைப்புக்கு நட்சத்திரம் இல்லை. மூன்று தரம் எடுத்து, மூன்று தரமும் "தொடர்பு எல்லைக்கு அப்பால்" என்று கேட்டு, கடைசியில் பரியாரியாரிடம் போன ஐயாவை எந்த ஆய்வும் எண்ணவில்லை. ரீலோட் போடக் காசில்லாமல் அழைக்காமலே விட்டவரும் கணக்கில் இல்லை. வீட்டில் இருக்கிற ஒரே ஸ்மார்ட் போனைப் பிள்ளை ஒன்லைன் வகுப்புக்கு வைத்திருந்ததால் தன் வருத்தத்தைப் பின்னுக்குத் தள்ளிப்போட்ட தாயும் கணக்கில் இல்லை. அந்த வருடங்களில் சிக்னல் தேடிப் பாறைகளிலும் மரங்களிலும் ஏறிப் படித்த பிள்ளைகளின் படங்களை நாங்கள் எல்லோரும் பகிர்ந்தோம். அதே ஊர்களில் அம்மம்மாக்களும் இருந்தார்கள். அவர்கள் பாறையில் ஏறவில்லை, அதனால் படமும் வரவில்லை.

நட்சத்திரத்தை அழுத்தியது யார் என்பதும் ஒரு கேள்வி. எங்கள் வீடுகளில் டொக்டருக்கு அழைப்பு எடுத்துக் கொடுத்தது, செயலியைத் தரவிறக்கியது, மருந்துத் துண்டைப் படமெடுத்து பாமசிக்கு அனுப்பியது எல்லாம் இளம் ஆக்கள்தான். இதை வாசிக்கிற உங்களில் பலரும் அதைச் செய்திருப்பீர்கள். கடைசியில் "உங்கள் அனுபவம் எப்படி?" என்று கேட்டபோது பதில் சொன்னதும் பேரப்பிள்ளையின் பெருவிரல். அம்மம்மாவின் நெஞ்சு நோவுக்குப் பேரன் போட்ட புள்ளியை "முதியோர் திருப்தி" என்று எண்ணுகிற கணக்கெடுப்பில் என்ன பிரயோசனம்?

நேரே கேட்டால்கூட எங்கள் ஆக்கள் என்ன சொல்வார்கள் என்று எங்களுக்குத் தெரியும். "டொக்டர் எப்பிடி அம்மம்மா?" "நல்ல பிள்ளை. வடிவாக் கதைச்சது." டொக்டரைக் குறை சொல்லக்கூடாது, நாளைக்குத் திரும்பவும் அவரிடம்தான் போகவேண்டும் என்ற எண்ணம் பரம்பரையாக ஊறிப்போனது. இலவசமாகத் தருகிறார்கள், குறை சொல்லலாமா என்பது இன்னொன்று. வடிவாகக் கதைத்தது ஒரு விசயம், வருத்தம் மாறினது வேறொரு விசயம். கணக்கெடுப்பு முதலாவதைக் கேட்டுவிட்டு இரண்டாவதைச் சொன்ன மாதிரி எழுதிக்கொள்கிறது.

"அந்தரமா இருக்கு" என்றால் என்ன?

எங்கள் சனம் வருத்தத்தைச் சொல்கிற விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். குத்து, உளைவு, எரிவு, கடுப்பு, விறைப்பு. இதெல்லாம் வேறு வேறு நோ. "நெஞ்சுக்குள்ள அந்தரமா இருக்கு" என்று ஒரு அம்மா சொன்னால் அது மனப்பதற்றமாக இருக்கலாம், நெஞ்சு படபடப்பாக இருக்கலாம், மாரடைப்பின் தொடக்கமாகவும் இருக்கலாம். நேரே இருக்கிற டொக்டர் அவவின் முகத்தைப் பார்ப்பார், வியர்த்திருக்கிறதா என்று பார்ப்பார், கை எந்த இடத்தைப் பொத்துகிறது என்று பார்ப்பார், நாடி பிடிப்பார். தொலைபேசியில் அந்தச் சொல் மட்டும்தான் போய்ச் சேரும்.

அந்தச் சொல்லும் தமிழ் தெரிந்த காதுக்குத்தான் போய்ச் சேரும். தமிழும் அரச கரும மொழி என்று 1987 இல் 13ஆவது திருத்தம் சொல்லிவிட்டது. ஆனால் மலையகத்திலும் கிழக்கின் பல இடங்களிலும் வன்னியிலும், தமிழ் தெரியாத டொக்டருக்கு முன்னால் தன் வருத்தத்தைச் சைகையால் சொல்லிக்கொண்டு நிற்கிற நோயாளி இன்னும் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் அந்த இடைவெளியை யார் நிரப்புகிறார்கள்? ஒரு தாதி, ஒரு சிற்றூழியர், வரிசையில் பின்னுக்கு நிற்கிற சிங்களம் தெரிந்த ஒருவர். அது சரியான ஏற்பாடு இல்லைத்தான். ஆனாலும் சனம் அதை வைத்துச் சமாளித்தது. தொலைபேசி வந்தபோது தாதியும் சிற்றூழியரும் வரிசையும் காணாமல் போய்விட்டார்கள். நோகிற இடத்தைத் தொட்டுக் காட்டக்கூட வழியில்லை. மொழி தெரியாத இருவரைக் கண்ணைக் கட்டிக் கதைக்க விட்ட மாதிரி.

இங்கே தமிழ்நாட்டுத் தமிழுக்கும் எங்கள் தமிழுக்கும் இடையிலான வித்தியாசத்தைக்கூட நாங்கள் பேசவில்லை. யாழ்ப்பாணத்து டொக்டரிடம் தோட்டத்து அக்கா கதைக்கும்போதே சொற்கள் இடறும். "மொழி: தமிழ்" என்று ஒரு பட்டனை வைத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைக்கிறவர்கள், வருத்தத்தோடு ஒருதரம் அந்தப் பட்டனை அழுத்திப் பார்க்கட்டும்.

கதைக்க ஒரு அறை

தொலைமருத்துவத்தின் பெரிய நன்மையாகச் சொல்லப்படுவது வீட்டில் இருந்தே கதைக்கலாம் என்பது. எந்த வீட்டில்?

தோட்டத்து லயன் காம்பிராவைத் தெரியுமா? வெள்ளைக்காரன் காலத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி என்கிற கணக்கில் கட்டின வரிசை அறைகள். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். அங்கே இருந்து ஒரு பெண் தன் மாதவிடாய்க் கோளாறைப் பற்றி, வெள்ளைபடுதலைப் பற்றி, கர்ப்பத்தடை பற்றிக் கதைக்க வேண்டும். மாமியார் அடுப்படியில். பிள்ளைகள் காலடியில். போன் புருசனுடையது. அழைப்புப் பதிவும் குறுஞ்செய்தியும் அவனுடைய கையில். அடித்தது யார் என்று டொக்டர் கேட்டால், அடித்தவன் பக்கத்திலேயே இருந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

கிளினிக் என்பது மருந்து வாங்குகிற இடம் மட்டும் இல்லை. எங்கள் பெண்கள் பலருக்கு வீட்டை விட்டு, யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லாமல், தனியாக வெளிக்கிடக்கூடிய ஒரே இடம் அது. குடும்பநல உத்தியோகத்தரிடம் தாழ்ந்த குரலில் ஒரு விசயத்தைச் சொல்லிவிட்டு வரக்கூடிய இடம். "பயண நேரம் மிச்சம்" என்று ஆய்வுகள் எழுதுகின்றன. அந்தப் பயண நேரம்தான் அவளுக்குச் சொந்தமான நேரம் என்று எந்தக் கேள்விக்கொத்திலும் இல்லை.

சரி, டொக்டரிடம் சொன்னது எங்கே போகிறது? தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் இந்த நாட்டில் 2022 இல்தான் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதாவது தொற்றின் உச்சத்தில் சனம் தன் வருத்தத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் புண்ணின் படத்தையும் வட்ஸ்அப்பிலும் செயலிகளிலும் அனுப்பிக்கொண்டிருந்தபோது அப்படியொரு சட்டமே இருக்கவில்லை. இந்தியா 2020 மார்ச் 25 அன்றே தொலைமருத்துவத்துக்கான நடைமுறை வழிகாட்டியை வெளியிட்டது. டொக்டர் தன்னை எப்படி அடையாளப்படுத்த வேண்டும், எந்த வகை மருந்தைத் தொலைவில் இருந்து எழுதலாம், எதை எழுதவே கூடாது என்றெல்லாம் அதில் பட்டியல் போட்டிருந்தார்கள். அங்கே அது முழுக்க நடைமுறையானதா என்பது வேறு கதை. ஆனால் ஒரு நோயாளி கையில் வைத்துக்கொண்டு நியாயம் கேட்க ஒரு தாள் என்றாவது இருந்தது.

திருப்தியும் சுகமும் ஒன்றில்லை

இது எங்கள் கோபத்தில் இருந்து வந்த கண்டுபிடிப்பு இல்லை. 2012 இல் அமெரிக்காவில் 50,000க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. மிகவும் திருப்தியாக இருந்த நோயாளர்களுக்கு மருத்துவச் செலவும் கூட, ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டதும் கூட, இறப்பு வீதமும் கூட என்று அது காட்டியது. திருப்தி ஆளைக் கொல்லும் என்று இதற்கு அர்த்தமில்லை. திருப்தியை வைத்து வைத்தியத்தின் தரத்தை அளக்க முடியாது என்பதுதான் அர்த்தம்.

2018 இல் இன்னொன்று. இது தொலைமருத்துவம் பற்றியே. தடிமன், இருமல் போன்ற சுவாசத் தொற்றுகளுக்காகத் தொலைவில் இருந்து டொக்டரைப் பார்த்த அமெரிக்க நோயாளர்களில், அன்ரிபயோட்டிக் எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள்தான் கூடுதலாக ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள். ஒன்றும் எழுதிக் கொடுக்காத டொக்டருக்குக் குறைவு. இந்த வருத்தங்களில் பெரும்பாலானவை வைரசால் வருகிறவை, அன்ரிபயோட்டிக் அதற்கு வேலை செய்யாது. ஆகவே தேவையில்லாத மருந்தை எழுதினால் நட்சத்திரம் கூடும். நட்சத்திரத்தை வைத்து டொக்டரின் பெயரை மேலே போடுகிற செயலியில் நேர்மையான டொக்டர் கீழே போவார். இது எங்கள் ஊர் "பிரைவேட்"டில் ஏற்கெனவே தெரிந்த கதைதான். ஊசி போடாத டொக்டருக்குக் கைராசி இல்லை என்று சொல்கிற சனம் நாங்கள்.

கொரோனாவையே எடுங்கள். 2021 நடுப்பகுதியில் ஆஸ்பத்திரிக் கட்டில்கள் நிரம்பத் தொடங்கியபோது, அறிகுறி குறைந்த நோயாளர்களை வீட்டிலேயே வைத்துத் தொலைபேசியில் கவனிக்கிற முறை வந்தது. 1390 என்ற இலக்கம் ஞாபகம் இருக்கும். அந்த நேரத்தில் அது இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. நித்திரை முழித்து அந்த அழைப்புகளை எடுத்த டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் இந்த வருத்தத்தில் ஒரு தந்திரம் இருந்தது. ஒக்சிஜன் இறங்கிக்கொண்டே போகும், ஆள் "எனக்கு ஒண்டும் செய்யேல்லை, நல்லா இருக்கிறன்" என்று சொல்லுவார். தன் உடம்பைப் பற்றி நோயாளியே திருப்தியாக இருக்கிற அந்த நேரம்தான் ஆபத்தான நேரம். அதைப் பிடிக்க விரலில் மாட்டுகிற ஒக்ஸிமீட்டர் வேண்டும். அதை வாங்க வசதி இல்லாத வீடுகள் எத்தனை. இருந்த கருவியிலும் ஒரு கோளாறு. கறுப்புத் தோல் உள்ளவர்களில் ஒக்சிஜன் அளவை உண்மையை விடக் கூட்டிக் காட்டி ஆபத்தை மறைக்கக்கூடும் என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. இலக்கத்தைக் கேட்டு "சரி, பிரச்சினையில்லை" என்று இரண்டு பக்கமும் திருப்தியோடு அழைப்பை வைத்த பிறகு என்ன நடந்தது என்பதைத் திருப்திக் கணக்கெடுப்பு சொல்லாது. செத்தவர்கள் படிவம் நிரப்புவதில்லை.

"இல்லாததைவிட இது மேல்தானே?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். நியாயமான கேள்விதான். முல்லைத்தீவின் உள் கிராமம் ஒன்றில் இருந்து ஒரு விசேட வைத்திய நிபுணரைப் பார்க்க ஒரு நாள் கூலியை இழந்து, விடிய வெளிக்கிட்டு, பஸ் மாறி மாறிப் போகிறவருக்கு, ரிப்போட்டை அனுப்பிவிட்டு ஐந்து நிமிடம் கதைத்தால் போதும் என்ற வசதி பெரிய விசயம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வந்ததே 2021 மார்ச்சில்தான். அந்தச் சம்பளத்தில் ஒரு நாளை ஆஸ்பத்திரி வரிசையில் விடுவது எவ்வளவு பாரம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2022 இல் எரிபொருள் இல்லாமல் வீதிகள் வெறிச்சோடியபோதும் இந்தத் தொலைபேசிதான் பலருக்குக் கை கொடுத்தது.

நாங்கள் தொலைபேசியை உடைக்கச் சொல்லவில்லை. "இல்லாததைவிட மேல்" என்ற வாதத்தை எங்கே நிறுத்துவது என்று கேட்கிறோம். 1971 இல் வேல்ஸ் நாட்டுக் கிராம டொக்டர் ஜூலியன் டியூடர் ஹார்ட் ஒரு விதியை எழுதினார். நல்ல வைத்தியம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது. சந்தைக்கு விட்டால் இது இன்னும் மோசமாகும். தொலைமருத்துவம் இந்த விதியை உடைக்க வந்தது என்கிறார்கள். எங்களுக்குப் பயமாக இருப்பது அது இந்த விதிக்கு நல்ல சட்டை போட்டு விடுமோ என்பதுதான். கொழும்பில் இருக்கிறவருக்கு வீடியோவும் கிடைக்கும், தேவையென்றால் அரை மணித்தியாலத்தில் நேரேயும் போய்ச் சனல் பண்ணலாம். அவருக்குத் தொலைமருத்துவம் மேலதிகமான ஒன்று. தோட்டத்து மருந்துச்சாலையில் டொக்டர் வெற்றிடம் கிடந்தால், "அதுதான் வீடியோ இருக்கே" என்று சொல்லி வெற்றிடத்தை நிரந்தரமாக்குவார்கள். அங்கே அது பதிலீடு. இரண்டு பேரும் ஒரே படிவத்தில் "திருப்தி" என்று எழுதுவார்கள். கூட்டினால் நல்ல வீதம் வரும்.

என்ன வேண்டும்?

கத்திவிட்டுப் போக நாங்கள் இதை எழுதவில்லை. கேட்கவேண்டியவற்றைத் தெளிவாகவே கேட்கிறோம்.

அரச தொலைமருத்துவ அழைப்பு நோயாளிக்குக் காசில்லாமல் இருக்க வேண்டும். இலவச வைத்தியம் என்ற இந்த நாட்டின் பெருமை ரீலோட் கார்ட்டில் முடியக்கூடாது.

தமிழில் கதைக்க டொக்டர் கிடைப்பது அதிர்ஷ்டமாக இருக்கக்கூடாது, உரிமையாக இருக்க வேண்டும். டொக்டர் இல்லாத இடத்தில் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் அழைப்பில் இருக்க வேண்டும். வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். தாயின் கர்ப்பப்பை வருத்தத்தைப் பதினான்கு வயது மகன் மொழிபெயர்க்கிற கொடுமை போதும்.

வீட்டையும் டொக்டரையும் நேரே இணைப்பதை விட, இடையில் ஒரு மனிதரை வையுங்கள். தோட்ட மருந்துச்சாலையிலோ கிராமத்துக் கிளினிக்கிலோ கதவு பூட்டக்கூடிய ஒரு அறை, பிரசர் பார்க்கிற கருவி, சீனி பார்க்கிற கருவி, தொட்டுப் பார்க்கத் தெரிந்த ஒரு தாதி அல்லது குடும்பநல உத்தியோகத்தர், அங்கிருந்து நிபுணருக்கு ஒரு அழைப்பு. இதில் தனிமையும் உண்டு, மொழியும் உண்டு, நாடி பிடிக்க ஒரு கையும் உண்டு. ஆனால் அந்தத் தாதிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதனால்தான் செயலி மலிவாகத் தெரிகிறது.

கடைசியாக, ஆய்வு செய்கிறவர்களுக்கு. உங்களில் பலர் எங்கள் பல்கலைக்கழகங்களில் எங்களோடு படிக்கிறவர்கள், அதனால் உரிமையோடு சொல்கிறோம். இணைந்த அழைப்புகளை மட்டும் எண்ணாதீர்கள், இணையாதவற்றையும் எண்ணுங்கள். ஒருவரும் அழைக்காத கிராமம் எது என்று பாருங்கள். இரண்டு கிழமை கழித்துத் திரும்ப அழைத்து, "டொக்டர் எப்படி?" என்று கேட்காமல் "வருத்தம் எப்படி?" என்று கேளுங்கள். குளிசை கைக்கு வந்ததா, விளங்கினதா, சொல்ல நினைத்த எதையாவது சொல்ல முடியாமல் போனதா என்று கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது புருசனோ மாமியாரோ பக்கத்தில் இருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் "திருப்தி" என்று சொன்னால் நாங்களும் ஏற்றுக்கொள்கிறோம். அதுவரைக்கும் உங்கள் வீதக் கணக்கைக் காட்டி எங்கள் ஊர்க் கிளினிக்கின் கதவை மூட வராதீர்கள்.